கீமோ வேண்டாம் என்றார் டாக்டர்

பெருங்குடல் கேன்சர் ஆபரேஷனின் தையல் பிரித்து, பயாப்ஸி ரிசல்ட்டும் வந்த பிறகு மாமாவைக் கூட்டிக்கொண்டு போய் உட்கார்ந்தோம். டாக்டர் ரிப்போர்ட்டை ஒருமுறை மேலிருந்து கீழாகப் பார்த்தார். “கீமோ வேண்டாம்” என்றார். நல்ல செய்தியைச் சொல்கிற முகத்தோடுதான் சொன்னார். ஆனால் எங்கள் பக்கம் அது வேறு மாதிரி விழுந்தது. வெளியே வந்ததும் அத்தை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, “கைய விரிச்சுட்டாங்களா கண்ணு?” என்று என்னைக் கேட்டார். கூட வந்த பெரியவர் ஒருவர், “பணம் கட்ட மாட்டோம்னு நினைச்சுட்டாரோ என்னமோ, கடன வாங்கியாவது கட்டிடறோம்னு சொல்லுப்பா” என்றார். இன்னொருவர் கோயமுத்தூரில் ஒரு பெரிய டாக்டர் பெயரைச் சொல்லி, ராத்திரி பஸ்ஸுக்கே கிளம்பலாம் என்றார். மாமா மட்டும் ஒன்றும் பேசாமல் ஸ்கேன் கவரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

எங்கள் ஊரில் வைத்தியத்துக்கு அளவுகோல் எடைதான். எத்தனை ஊசி, எத்தனை பாட்டில், எத்தனை நாள் பெட். ஜுரத்துக்குப் போனவருக்கு ஊசி போடாமல் அனுப்பினால் அந்த டாக்டரிடம் அடுத்த தடவை போக மாட்டார்கள். கேன்சர் என்று சொல்லிவிட்டு, கீமோவும் இல்லை, கரண்ட் என்கிற கதிர்வீச்சும் இல்லை, மூன்று மாதம் கழித்து வாருங்கள் என்றால் யார்தான் நம்புவார்கள்? வீட்டில் ரிப்போர்ட் படித்துச் சொல்கிற வேலை என்னுடையது. பேங்கில் இருக்கிறேன், இங்கிலீஷ் வாசிப்பேன் என்பது மட்டுமே அதற்கான தகுதி. அன்றைக்கு ஏற்காடு பஸ்ஸில் கொண்டை ஊசி வளைவுகளில் ஏறிக்கொண்டிருந்தபோது அந்த ஒரு வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். எம்.எஸ்.எச்.2, எம்.எஸ்.எச்.6 என்ற இரண்டு புரதங்கள் கட்டியில் காணவில்லை. அவ்வளவுதான் அதில் இருந்தது. அந்த ஒரு வரி மாமாவுக்கு ஒன்றும், எங்கள் எல்லோருக்கும் வேறு ஒன்றும் சொல்லிக்கொண்டிருந்தது என்பது பிறகுதான் விளங்கியது.

மாமா ஏற்காட்டில் ஒரு காபி எஸ்டேட்டில் ரைட்டர். காலையில் ஆள் எண்ணுவது, செக்ரோல் என்ற வருகைப் பதிவு எழுதுவது, பழம் எடுக்கும் காலத்தில் யார் எத்தனை கிலோ போட்டார்கள் என்று குறிப்பது. சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே ஏறி இறங்கி நடந்தே உடம்பைக் கட்டாக வைத்திருந்தவர், நாற்பத்தாறு வயதில் ஒரு மேட்டில் பாதி வழியில் நின்று மூச்சு வாங்க ஆரம்பித்தார். ரத்தம் குறைவு என்றார்கள். ஹீமோகுளோபின் ஏழு. பக்கத்து கிளினிக் ஒன்றில் இரும்புச்சத்து மாத்திரையும் டானிக்கும் கொடுத்தார்கள். அத்தை பீட்ரூட், முருங்கைக்கீரை, பேரீச்சை என்று போட்டுத் தள்ளினார். கொஞ்சம் ஏறும், மறுபடி இறங்கும். போன ரத்தம் எங்கே போகிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. மாதவிலக்கு இல்லாத ஒரு ஆம்பிளைக்கு இரும்புச்சத்துக் குறைந்து ரத்தசோகை வந்தால், குடலுக்குள் கேமரா விட்டுப் பார்க்கும் வரை அதை டானிக்கால் மூடக் கூடாது. பெருங்குடலின் வலப்பக்கக் கட்டி பெரும்பாலும் வலிக்காது, கண்ணுக்குத் தெரிகிற மாதிரி ரத்தமும் போகாது. உள்ளேயே கசிந்து ஆளை வெளுக்க வைக்கும். மாமாவுக்கு நடந்தது அதுதான். கொலனோஸ்கோப்பி என்ற அந்தக் கேமராப் பரிசோதனை செய்தபோது சிறுகுடல் வந்து சேரும் இடத்துக்குப் பக்கத்தில் எலுமிச்சை அளவில் இருந்தது. பெருங்குடலின் வலது பாதியை எடுத்துவிட்டார்கள். நிணநீர்க் கணுக்களில் ஒன்றிலும் பரவவில்லை. இரண்டாம் நிலை.

குரூப்பில் வந்த ஒரு வருடம்

ரிப்போர்ட்டை நான் முழுதாகப் புரிந்துகொள்வதற்குள், பெங்களூரில் ஐ.டி. கம்பெனியில் இருக்கும் என் சித்தப்பா மகன் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு ஸ்கிரீன்ஷாட் போட்டான். பெருங்குடல் கேன்சரில் ஜீன் மாற்றம் இருந்தால் சராசரியாக சுமார் ஒரு வருடம் என்று அதில் இருந்தது. கீழே கைகூப்பும் படம் வரிசையாக விழுந்தது. அன்று ராத்திரியே அம்மாவுக்கு நாலு பேர் போன் செய்து, மாமாவின் மகளுக்குச் சீக்கிரம் கல்யாணத்தை முடித்துவிடச் சொன்னார்கள்.

அந்த எண் பொய்யில்லை. ஆனால் அது மாமாவின் எண் இல்லை. அது பி-ராஃப் என்ற ஜீனில் வி600இ என்ற குறிப்பிட்ட மாற்றம் இருந்து, நோய் ஈரலுக்கும் வயிற்றுச் சவ்வுக்கும் பரவிவிட்டவர்களுக்குப் பழைய கீமோ மட்டும் இருந்த காலத்து எண். பரவிய பெருங்குடல் கேன்சரில் நூற்றுக்கு எட்டு பத்துப் பேருக்கு இந்த மாற்றம் இருக்கும். எல்லாவற்றிலும் மோசமானது என்று பெயரெடுத்தது இதுதான். இதற்கென்றே வந்த என்கோராஃபெனிப், செடுக்சிமாப் மருந்து ஜோடியை, ஏற்கெனவே ஒரு சுற்று சிகிச்சை பார்த்து அது கேட்காமல் போனவர்களிடம் சோதித்தபோது, பாதிப் பேர் உயிரோடிருந்த காலம் 5.9 மாதத்திலிருந்து 9.3 மாதமாக ஏறியது. மூன்றரை மாதம்தானா என்று வெளியில் இருந்து சொல்வது சுலபம். அந்த வரிசையில் உட்கார்ந்திருப்பவருக்கு அது ஒரு தீபாவளியைப் பார்ப்பதா இல்லையா என்ற கணக்கு.

கே-ராஸ் என்பது வேறு. பரவிய நோயில் நூற்றுக்கு ஏறக்குறைய நாற்பது பேருக்கு இருக்கும். அது இருந்தால் செடுக்சிமாப் மாதிரி மருந்து வேலை செய்யாது. 2004-ல் அந்த மருந்து விற்பனைக்கு வந்தபோது இது தெரியாமல் எல்லோருக்கும் ஏற்றினார்கள். 2008 வாக்கில்தான் ஆய்வுகள் வரிசையாக வந்து, கட்டியில் கே-ராஸ் மாறியிருந்தால் பக்கவிளைவும் செலவும்தான் மிச்சம் என்று காட்டின. முகமெல்லாம் பரு வெடிக்க, நிலத்தை விற்றுப் போட்டுக்கொண்ட ஊசி ஒன்றுக்கும் உதவியிருக்காது என்று பிறகு தெரிந்துகொண்ட குடும்பங்கள் உலகம் பூராவும் இருக்கும். இன்றைக்கு அந்த ரிப்போர்ட் இல்லாமல் அந்த ஊசியைத் தொடவே கூடாது.

என் ஆதங்கம் இதில்தான். ஜீன் ரிப்போர்ட் என்றதும் ஜாதகம் பார்க்கிற மாதிரி ஆயுளைத் தேடுகிறோம். அதுவும் சம்பந்தப்பட்டவரை அறைக்குள் விட்டுவிட்டு, கதவுக்கு வெளியே நின்று “எத்தனை மாசம் சார்?” என்று கேட்கிறோம். அந்தக் காகிதம் முதலில் சொல்வது எந்த மருந்து கேட்கும், எது கேட்காது என்பதை. ஆயுள் என்று வருகிற எண், நூற்றுக்கணக்கான பேரை வரிசையில் நிறுத்தினால் நடுவில் நிற்பவருடையது. நம் ஆள் வரிசையில் எங்கே நிற்கிறார் என்பதை அது சொல்வதே இல்லை.

அறுந்த நூலை முடிச்சுப் போட ஆளில்லை

மாமாவின் கட்டியில் காணாமல் போன புரதங்களின் வேலையை எனக்குப் புரிய வைத்தது எங்கள் தாத்தாவின் தறிதான். அம்மாப்பேட்டையில் கைத்தறி நெய்தவர் அவர். பாவில் ஒரு இழை அறுந்தால் நெய்கிறவர் அதை உடனே பார்த்து, நிறுத்தி, முடிச்சுப் போட்டுவிட்டுத்தான் அடுத்த மிதி மிதிப்பார். பார்க்கத் தவறினால் அந்தக் குறை துணி நெடுகப் போகும். உடம்பில் ஒவ்வொரு செல்லும் இரண்டாகப் பிரியும்போது டி.என்.ஏ.வை நகல் எடுக்கிறது. நகலில் விழும் பிழைகளைத் தேடிச் சரி செய்ய எம்.எல்.எச்.1, எம்.எஸ்.எச்.2, எம்.எஸ்.எச்.6, பி.எம்.எஸ்.2 என்று நாலு காவல்காரர்கள் முக்கியம். இவற்றில் ஒன்று போனாலும் பிழைகள் ஆயிரக்கணக்கில் குவியும். பெருங்குடல் கேன்சர்களில் சுமார் 15 சதவீதம் இப்படிப்பட்டவை.

விசித்திரம் என்னவென்றால், இந்தக் குவியல்தான் நோயாளிக்குச் சாதகமாகிறது. இத்தனை பிழையோடு இருக்கும் செல் உடம்புக்கு அந்நியமாகத் தெரிகிறது. எதிர்ப்புச் செல்கள் கட்டியைச் சுற்றி மொய்க்கின்றன. இரண்டாம் நிலையில் இந்த வகைக் கட்டி வந்தவர்கள் மற்றவர்களைவிட நன்றாகத் தேறுகிறார்கள். இவர்களுக்கு 5-எஃப்.யூ. என்ற பழைய கீமோவைத் தனியாகக் கொடுப்பதால் லாபம் இல்லை என்பது 2003-ல் 570 நோயாளிகளை வைத்து வந்த ஆய்விலேயே தெரிந்துவிட்டது. டாக்டர் கீமோ வேண்டாம் என்றது இதை வைத்துத்தான். கைவிடவில்லை, தேவையில்லாமல் ஆறு மாதம் வாய்ப்புண்ணும் வயிற்றுப்போக்குமாகக் கிடக்க வைக்கவில்லை. பரவிய நிலையில் இந்த வகை நூற்றுக்கு நாலைந்து பேருக்குத்தான் இருக்கும். அவர்களுக்கும் இப்போது, உடம்பின் எதிர்ப்புச் செல்களையே கட்டிமேல் ஏவிவிடும் பெம்ப்ரோலிசுமாப் என்ற மருந்து இருக்கிறது. 307 பேரை வைத்து நடந்த சோதனையில், நோய் மேலும் முற்றாமல் இருந்த இடைநிலைக் காலம் கீமோவில் 8.2 மாதம், இதில் 16.5 மாதம்.

இதை அத்தையிடம் எப்படிச் சொல்வது? “கட்டி ரொம்பப் பிழையா இருக்கு, அதனாலதான் நல்லது அத்தை” என்றேன். என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

கட்டமும் வட்டமும்

அடுத்த முறை டாக்டர் எங்களை மொத்தமாக வரச் சொன்னார். மாமா, அத்தை, அவர்கள் மகள், அம்மா, நான். பிரிஸ்கிரிப்ஷன் தாளைத் திருப்பிப் போட்டு ஒரு கட்டம் வரைந்து உள்ளே கருப்படித்தார். அதற்கு ஒரு அம்புக்குறி. “இது நீங்க. உங்க கூடப் பிறந்தவங்க?” ஆணுக்குக் கட்டம், பெண்ணுக்கு வட்டம். மாமா சட்டென்று உயிர் வந்தவர் போல் ஆனார். வருஷக்கணக்காகச் செக்ரோல் எழுதியவர். ஆள், வயசு, தேதி என்றால் அவரை மிஞ்ச முடியாது. “அப்பா செத்தப்ப அவருக்கு 44 வயசுங்க. ஆடிப் பண்டிகை முடிஞ்ச வாரம். வயித்துல கட்டின்னாங்க, ஒண்ணும் பண்ணலீங்க.” டாக்டர் மேலே ஒரு கட்டத்தைக் கருப்படித்தார். “ஆத்தூர்ல பெரியக்கா. கர்ப்பப்பைல வந்துச்சு. 49.” ஒரு வட்டம் கருத்தது. “கர்ப்பப்பை வாயா, உள் சுவரா?” “உள்ளதாங்க, எடுத்துட்டோம்னாங்க, அப்புறம் நிக்கல.” அந்தத் தாளைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். இத்தனை வருடம் எங்கள் வீட்டில் தனித்தனிச் சாவுகளாக இருந்தவை. தாத்தாவுக்குச் செய்வினை என்று ஒரு கதை உண்டு, பெரியம்மாவுக்கு மாமியார் கொடுமை என்று ஒரு கதை. மூன்று கருப்பும் ஒரே கோட்டில் தொங்கியது.

மாமாவின் கட்டியில் புரதம் இல்லாதது கட்டியோடு முடிந்துபோன விஷயமா, பிறப்பிலேயே ரத்தத்தோடு வந்ததா என்பதைத்தான் பார்க்க வேண்டும் என்றார் டாக்டர். கே-ராஸ், பி-ராஃப் மாற்றங்களெல்லாம் கட்டிக்குள் மட்டும் நடந்தவை; பிள்ளைக்குப் போகாது. இது அப்படி இல்லாமல் இருக்கலாம். பிறப்பிலேயே வந்திருந்தால் அதற்கு லிஞ்ச் சிண்ட்ரோம் என்று பெயர். மாமாவின் ஒவ்வொரு பிள்ளைக்கும், கூடப் பிறந்த ஒவ்வொருவருக்கும் இருக்க வாய்ப்புப் பாதிக்குப் பாதி.

அப்போதுதான் அம்மா, பேச்சைக் கொஞ்சம் லேசாக்க நினைத்தாரோ என்னவோ, மாமா மகளின் தோளில் கை வைத்து, “இவளத்தாங்க என் சின்னவனுக்குப் பேசி வெச்சிருக்கோம். தைல கல்யாணம்” என்றார்.

டாக்டரின் பேனா நின்றது. எங்களுக்கு இது ஒன்றும் புதிதில்லை. தாய்மாமன் மகள் உரிமைப்பெண். சேலம், தர்மபுரிப் பக்கம் நாலு வீட்டில் ஒரு வீட்டில் சொந்தத்துக் கல்யாணம் இருக்கும். டாக்டர் மாமா மகளின் வட்டத்தையும் என் தம்பியின் கட்டத்தையும் சேர்த்து, ஒற்றைக் கோட்டுக்குப் பதில் இரட்டைக் கோடு போட்டார். சொந்தத்துக்குள் கட்டினால் அப்படித்தான் வரைவார்களாம். பிறகு பொறுமையாகச் சொன்னார். இந்தக் கோளாறு அப்பா அம்மா இரண்டு பேரில் ஒருவரிடமிருந்து வந்தால், பெரியவரான பிறகு கேன்சர் வரும் அபாயம். இரண்டு பேரிடமிருந்தும் வந்தால் கதை வேறு. அந்தக் குழந்தைக்கு மூளைக் கட்டி, ரத்தப் புற்றுநோய், குடல் புற்றுநோய் என்று பள்ளிக்கூட வயதிலேயே வரும். உடம்பில் காபி நிறத் தேமல் மாதிரிப் புள்ளிகள் இருக்கும். இருவருக்கும் இருந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலில் ஒரு பங்கு.

அறையில் யாரும் பேசவில்லை. மாமா மகள்தான் வாயைத் திறந்தாள். பி.காம். படித்துவிட்டு ஐந்து ரோட்டில் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் வேலை பார்க்கிறாள். “எனக்கு இல்லைன்னு வந்துட்டா, அவருக்கு இருந்தாலும் அந்த ரெண்டு பக்கமும் வர்றது நடக்காதில்ல சார்?” என்றாள். நடக்காது என்றார் டாக்டர். “அப்ப எனக்கு எடுத்துடுங்க.” அத்தை அவள் கையைப் பிடித்து இழுத்தார். விஷயம் வெளியே போனால் என்ன ஆகும் என்பது அத்தையின் பயம். அந்தப் பயத்தை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். செவ்வாய்ப்பேட்டையில் ஒரு கொலுசுப் பட்டறைக்காரர் வீட்டில் யாருக்கோ வலிப்பு என்று வந்த பேச்சில், அந்த வீட்டுப் பெண்கள் வரிசையாகக் கல்யாணம் தள்ளிப்போய் நின்றதை நாங்கள் பார்த்திருக்கிறோம். ஆனாலும், மூடி வைத்துத்தான் தாத்தாவும் பெரியம்மாவும் போனார்கள். மூடி வைப்பதில் ஒரு மானமும் மிஞ்சுவதில்லை என்பது என் கட்சி.

மாமாவின் ரத்தத்தில் எம்.எஸ்.எச்.2 மாற்றம் இருந்தது. அது எந்த இடத்தில் என்று தெரிந்துவிட்டதால் மற்றவர்களுக்கு அந்த ஒரே இடத்தைப் பார்த்தால் போதும், செலவும் குறைவு. மாமா மகளுக்கு இல்லை என்று வந்தது. அம்மாவுக்கு இருக்கிறது. எனக்கும் இருக்கிறது. தம்பி எடுக்க மாட்டேன் என்கிறான். “இருக்குன்னு தெரிஞ்சா தூக்கம் போயிடும்டா அண்ணா” என்கிறான். கல்யாணம் தை மாதம் சூரமங்கலத்தில் நடந்தது.

ஒரு தையல்காரியும் ஒரு டாக்டரும்

லிஞ்ச் என்ற பெயர் அமெரிக்க மருத்துவர் ஹென்றி லிஞ்ச்சுடையது. 1966-ல் இரண்டு குடும்பங்களைப் பற்றி எழுதினார். ஆனால் கதை அதற்கும் முன்னால் தொடங்குகிறது. 1895-ல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஆல்ட்ரெட் வார்தின் என்ற நோய்க்கூறு நிபுணரிடம் அவர் வீட்டுத் தையல்காரி சொல்கிறார்: எங்கள் குடும்பத்தில் எல்லோரும் வயிறு, குடல், கர்ப்பப்பை என்று இதே நோயில்தான் போகிறார்கள், நானும் அப்படித்தான் போவேன். அவர் சொன்னபடியே கர்ப்பப்பைப் புற்றுநோயில் இறந்தார். வார்தின் அந்தக் குடும்பத்தின் மரத்தை வரைந்து 1913-ல் வெளியிட்டார். 2000-ல் அந்தப் பரம்பரையின் ரத்தத்தில் கண்டுபிடித்தது எங்கள் வீட்டில் கெட்டிருக்கும் அதே ஜீன், எம்.எஸ்.எச்.2. அந்தத் தையல்காரி சொன்னதைக் கேட்டுக் குறித்து வைக்க ஒரு ஆள் இருந்தார். எங்கள் பெரியம்மாவும் கடைசி நாட்களில் “அப்பாவுக்கு வந்ததுதான் எனக்கும்” என்று சொல்லிக்கொண்டிருந்ததாக அம்மா சொல்வார். பாவம், பினாத்துகிறது என்று விட்டுவிட்டார்கள்.

தெரிந்துகொண்டு என்ன செய்யப் போகிறோம் என்று கேட்பவர்களுக்கு என்னிடம் பதில் உண்டு. எம்.எஸ்.எச்.2 மாற்றம் உள்ளவர்களில் வாழ்நாளில் குடல் கேன்சர் வருவது மூன்றில் ஒருவர் முதல் இருவரில் ஒருவர் வரை. ஆனால் இருபது, இருபத்தைந்து வயதிலிருந்தே ஒன்றிரண்டு வருடத்துக்கு ஒருமுறை கொலனோஸ்கோப்பி செய்தால், கேன்சர் கட்டியாக மாறும் முன்னாலேயே பாலிப் என்ற சின்ன வளர்ச்சியை வெட்டி எடுத்துவிடலாம். ஃபின்லாந்தில் இப்படிப்பட்ட குடும்பங்களை 15 வருடம் தொடர்ந்து பார்த்ததில், மூன்று வருடத்துக்கு ஒருமுறை பரிசோதித்தவர்களுக்குக் கேன்சர் 62 சதவீதம் குறைவாக வந்தது. ஆஸ்பிரினும் உதவுகிறது. தினம் 600 மில்லிகிராம் இரண்டு வருடம் எடுத்தவர்களைப் பத்து வருடம் கழித்துப் பார்த்தபோது குடல் கேன்சர் வந்தது 9 சதவீதம் பேருக்கு; மருந்தில்லாத வெறும் மாத்திரை எடுத்தவர்களில் 13 சதவீதம். மெடிக்கலில் போய் நீங்களே வாங்கிப் போடாதீர்கள், வயிற்றில் புண்ணாகி ரத்தம் போகும், டாக்டர் சொல்லட்டும்.

அம்மாவுக்கு முதல் கொலனோஸ்கோப்பியிலேயே ஒரு பாலிப் எடுத்தார்கள். அவருடைய புகார் அதைப் பற்றி இல்லை. முதல் நாள் சாயங்காலம் குடிக்கக் கொடுக்கும் இரண்டு லிட்டர் உப்புத் தண்ணீரைப் பற்றித்தான். “பேதிக்குக் குடுக்கறதுல ஒரு ருசி வேண்டாமா” என்று எதிர் வீட்டுக்குக் கேட்கும்படி சொல்லிக்கொண்டே குடித்தார். கர்ப்பப்பையை எடுப்பது பற்றியும் பேச்சு நடக்கிறது. மாமா மறுபடி செக்ரோல் எழுதப் போய்விட்டார். முன்னைவிட மெதுவாக ஏறுகிறார், அவ்வளவுதான்.

மிச்சம் இருப்பது ஆத்தூர். பெரியம்மாவின் இரண்டு மகன்கள். பெரியம்மாவுக்கு வந்ததைப் பார்த்தால் அவர்கள் இருவரும்தான் முதலில் எடுத்திருக்க வேண்டும். டாக்டர் சொந்தக்காரர்களிடம் கொடுக்கச் சொல்லி எழுதிக் கொடுத்த கடிதத்தைப் பெரிய அண்ணனுக்கு அனுப்பினேன். கட்டைவிரல் படம் வந்தது. போன் செய்தால், “பொண்ணுக்கு வரன் பாத்துட்டிருக்கோம், இப்ப இதக் கிளப்பாத தம்பி” என்றார். சின்ன அண்ணன் எடுப்பதே இல்லை. குடும்ப குரூப்பில் சித்தப்பா மகன், வெறும் வயிற்றில் வெந்தயத் தண்ணீர் குடித்தால் குடல் சுத்தமாகும் என்று ஒரு வீடியோ போட்டிருந்தான். போன வாரம் அண்ணனை விட்டுவிட்டு அண்ணிக்கே போன் செய்தேன். மாமியாரின் கடைசி மாதங்களைக் கூட இருந்து பார்த்தவர் அவர்தான். நான் சொல்லி முடிக்கும் வரை குறுக்கே பேசவில்லை.

“ரத்தம் குடுக்க வெறும் வயித்துல வரணுமா தம்பி? அவருக்குச் சுகர் இருக்கே.”

“வேண்டாம் அண்ணி, சாப்பிட்டுட்டே வரலாம்.”

“சரி. சனிக்கிழமை சுகர் டெஸ்ட்டுன்னு சொல்லிக் கூட்டிட்டு வர்றேன். அங்க வந்து நீங்க பேசிக்கங்க.”

அது சரியாக வராது, ஆளிடம் சொல்லாமல் இந்த டெஸ்ட்டை எடுக்க மாட்டார்கள், எழுதிக் கையெழுத்து வாங்குவார்கள் என்றேன். “வந்து உட்காரட்டும் முதல்ல” என்றார் அண்ணி.